பெயரில் மட்டும் நிக்கோட்டின்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. பிறந்த சில வாரங்களிலேயே உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்தன. பிறகு தோல் தடித்து மஞ்சளாகிவிட்டது, இப்போது தடிப்பு மணிக்கட்டைத் தாண்டி வருகிறது. மரபணுப் பரிசோதனையில் ‘மால் டி மெலேடா’ என்று வந்திருக்கிறது. ‘ஸ்லர்ப்-1 புரதம் குறைபாடு, இது நிக்கோட்டினிக் ஏற்பியைக் கட்டுப்படுத்தும் புரதம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் கர்ப்பமாக இருந்தபோது கணவர் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிப்பார். அதனால்தான் வந்ததா? குறைபாட்டை ஈடுகட்ட நிக்கோட்டின் பேட்ச் ஒட்டலாமா? மூத்த பையனுக்கு 7 வயது, அவனுக்கு ஒன்றும் இல்லை. அவனையும் சோதிக்க வேண்டுமா?

பதில்: கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மகளின் கை இப்படி ஆனதற்கு அவருடைய சிகரெட் காரணமில்லை. (வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு வேறு காரணங்கள் ஏராளம். அதை விட்டுவிடாதீர்கள்.) ரிப்போர்ட்டில் ‘நிக்கோட்டினிக்’ என்ற சொல்லைப் பார்த்ததும் புகையிலை நினைவு வருவது இயல்புதான். இந்தக் குழப்பமே பெயர் வைத்தவர்களால் வந்தது.

நரம்பு ஒரு தசையைச் சுருங்கச் சொல்வது அசிட்டைல்கோலின் என்ற சிறு மூலக்கூறின் வழியாக. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று நிக்கோட்டினுக்கும் இணங்கும், மற்றொன்று காளானில் கிடைக்கும் மஸ்கரினுக்கு இணங்கும். 1914இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்த இரண்டு விதமான விளைவுகளையும் பிரித்துக் காட்ட அந்த இரண்டு நஞ்சுகளின் பெயரையே வைத்தார், அது அப்படியே நின்றுவிட்டது. புகையிலையையே பார்க்காத குழந்தையின் உடம்பிலும் நிக்கோட்டினிக் ஏற்பி இருக்கும். அதன் சொந்த எஜமான் அசிட்டைல்கோலின்தான். ஐந்து துண்டுகள் வட்டமாக நிற்க, நடுவில் ஒரு துளை. அசிட்டைல்கோலின் வந்து ஒட்டினால் துளை திறக்கும், மின்னூட்டம் கொண்ட அயனிகள் உள்ளே பாயும்.

சரி, உள்ளங்கையில் இதற்கு என்ன வேலை? மேல்தோல் செல்கள் நரம்புக்காகக் காத்திருப்பதில்லை. தாமே அசிட்டைல்கோலினைத் தயாரிக்கின்றன, தம்மிடமே உள்ள ஏற்பிகளால் அதை வாங்கிக்கொள்கின்றன. எப்போது பெருகுவது, எப்போது முதிர்ந்து உதிர்வது என்பதை முடிவு செய்வதில் இந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு. ஸ்லர்ப்-1 அதே செல்கள் சுரந்து வெளியே விடும் ஒரு சின்னப் புரதம், மொத்தம் 81 அமினோ அமிலங்கள். ஆல்ஃபா-7 என்ற வகை நிக்கோட்டினிக் ஏற்பிதான் அது போய்ச் சேரும் முக்கியமான இடம்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று இதில் உண்டு. தைவானில் உள்ள ஒரு வகைக் கட்டுவிரியனின் விஷத்தில் ஆல்ஃபா-பங்காரோடாக்சின் என்ற புரதம் இருக்கிறது, 74 அமினோ அமிலங்கள். அதன் உருவமும் ஸ்லர்ப்-1இன் உருவமும் ஒரே வார்ப்பு: உள்ளங்கையிலிருந்து மூன்று விரல்களை நீட்டியதுபோல. பாம்பின் புரதம் அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்திலேயே போய் அமர்ந்துகொண்டு லேசில் எழுந்திருக்காது, அதனால் தசை செயலிழக்கிறது. நம் உடம்பின் புரதம் அவ்வளவு முரட்டுத்தனமானது இல்லை. ஏற்பியின் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, கதவு எந்த அளவுக்குத் திறக்கலாம் என்று திருத்திக் கொடுக்கிறது. 2003இல் வந்த ஆய்வு, ஸ்லர்ப்-1 அசிட்டைல்கோலினின் வேலையைக் கூட்டுகிறது என்றது. பின்னால் வந்த ஆய்வுகள் அடக்குவதாகக் காட்டின. எந்தப் பக்கம் போனாலும், அப்படித் திருத்தும் ஸ்லர்ப்-1 இல்லாமல் போனால் தோலின் கணக்கு தவறுகிறது. செல்கள் அளவுக்கு மீறி அடுக்கடுக்காகச் சேர்கின்றன, அழற்சியும் கூடவே வருகிறது. உங்கள் மகளின் கையில் தடிப்பு முடியும் இடத்தில் ஒரு சிவந்த ஓரம் தெரிந்தால், அது அந்த அழற்சிதான்.

மெலேடா என்பது குரோஷியாவின் மிலெட் தீவுக்கு இத்தாலிய மொழியில் உள்ள பெயர். அங்கே பலருக்கு இருந்த இந்த நோயை 1826இல் லூகா ஸ்டுல்லி என்ற மருத்துவர் எழுதி வைத்தார். மரபணு எதுவென்று தெரிந்தது 2001இல்தான். தொழுநோய் என்று பயந்து ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. இது தொற்றாது. பள்ளியில் சேர்க்கும்போது இந்த ஒரு வரியை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்ச் வேண்டவே வேண்டாம். ஸ்லர்ப்-1 தோலின் குறிப்பிட்ட ஏற்பியைப் பக்குவமாகத் திருத்துவது. நிக்கோட்டின் மூளை, இதயம், குடல் என்று எங்கே ஏற்பி இருந்தாலும் போய்த் தட்டும். தோல் வழியாக அது எவ்வளவு சுலபமாக ஏறும் என்பதற்கு ஈரமான புகையிலைச் செடியில் இலை பறிப்பவர்களே சாட்சி. வாந்தி, தலைசுற்றல் என்று அவர்கள் படுத்துவிடுவதுண்டு. வளர்ந்தவர்களுக்கான ஒரு பேட்ச் 4 வயது உடம்புக்கு விஷம், வலிப்புகூட வரலாம்.

செய்ய வேண்டியது இதைவிட எளிது, அலுப்பும் அதிகம். தினமும் கை, காலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரம் காயுமுன் மருத்துவர் சொல்லும் யூரியா களிம்பைத் தடவுங்கள். சாலிசிலிக் அமிலக் களிம்பை நீங்களாக வாங்கி அதிக இடத்தில் பூசாதீர்கள், சின்னக் குழந்தையின் உடம்புக்குள் அது இறங்கிவிடும். இந்த நோயில் வியர்வை அதிகம். நாற்றம் திடீரென்று கூடினாலோ, விரல் இடுக்குகளில் அரிப்பு வந்தாலோ பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். விரல்கள் மடங்கிப்போய் விரிக்க முடியாமல் ஆகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருங்கள். தடிப்பைக் குறைக்க அசிட்ரெட்டின் மாத்திரை உண்டு. கொடுத்தால் ஈரல், கொழுப்பு அளவுகளைக் கவனிக்க வேண்டும். அப்புறம், அதை நிறுத்தி 3 ஆண்டுகள் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. பெண் குழந்தை என்பதால் பிற்காலத்தில் மருந்தை மாற்றும் மருத்துவரிடம் இதை நீங்களே நினைவூட்டுங்கள்.

உங்கள் இருவரிடமும் இந்த மரபணுவின் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கின்றன. பழுதான இரண்டும் மகளிடம் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அப்படிச் சேர 4இல் 1 வாய்ப்பு, எனவே அடுத்த குழந்தை பற்றி யோசிப்பதாக இருந்தால் அதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பையனுக்கு இந்த நோய் இருந்திருந்தால் கைக்குழந்தையாக இருந்தபோதே தெரிந்திருக்கும். ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவனாக இருக்க 3இல் 2 வாய்ப்பு உண்டு, ஆனால் அதனால் அவன் தோலுக்கு ஒன்றும் ஆகாது. பெரியவனானதும் அவனே கேட்டுச் சோதித்துக்கொள்ளட்டும், இப்போது அவனுக்கு ஊசி குத்த வேண்டாம்.