ஒரே மாத்திரை, தம்பிக்கு மட்டும் ராசியா?

கேள்வி: எனக்கு 72 வயது. ஐம்பதைத் தாண்டியதிலிருந்து தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டு வருகிறேன். ரத்தக்கொதிப்பு உண்டு, அதற்கு மாத்திரை எடுக்கிறேன். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் ஓர் இளம் டாக்டர், இனி ஆஸ்பிரின் வேண்டாமே என்றார். என் தம்பிக்கு 66 வயது, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். அவரிடம் ஒரு நாள்கூட விடக்கூடாது என்கிறார்கள். அந்த மாத்திரை தம்பிக்கு ராசி, உங்களுக்கு ராசியில்லை என்று என் மனைவி சிரிக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: ஐயா, உங்கள் வீட்டம்மா விளையாட்டாகச் சொன்னது ஆஸ்பிரின் கதையில் நிஜமாகவே வருகிறது. 1988 ஆகஸ்டில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வுக் கட்டுரையில் நோயாளிகளுக்கு ராசி பார்த்திருக்கிறார்கள்!

முதலில் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தம்பியின் மாத்திரை அங்கிருந்துதான் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த குழு நடத்தியது. 16 நாடுகள், 417 மருத்துவமனைகள், மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு வலி தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்த 17,187 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஒரு மாதம் தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே போல இருக்கும் வெறும் மாத்திரை. எது யாருக்கு என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஐந்து வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால், இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் வெறும் மாத்திரைப் பக்கம் 1,016 பேர், ஆஸ்பிரின் பக்கம் 804 பேர். சில காசு பெறும் மாத்திரை! அதோடு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தும் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 8 பேர்தான் இறந்தார்கள், இரண்டும் கிடைக்காதவர்களில் 13.2 பேர்.

சரி, ராசிக்கு வருவோம். இப்படி ஒரு பெரிய ஆய்வு வந்தால் உடனே எல்லோரும் கேட்பது, பெண்களுக்கு எப்படி, வயதானவர்களுக்கு எப்படி, சர்க்கரை உள்ளவர்களுக்கு எப்படி என்று. அப்படித் துண்டு துண்டாக வெட்டினால் என்ன வேடிக்கை நடக்கும் என்று காட்டவே அந்த ஆராய்ச்சியாளர்கள் பிறந்த தேதியை வைத்துப் பன்னிரண்டு ராசியாகவும் பிரித்தார்கள். மிதுனம், துலாம் இரண்டிலும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடையே இறப்பு 9 சதவீதம் கூடியிருந்தது, மற்ற ராசிக்காரர்களுக்கு 28 சதவீதம் குறைந்திருந்தது. (அவர்கள் பார்த்தது பிறந்த தேதிக் கணக்கு, நம்முடையது சந்திரன் நின்ற ராசி. ஆகவே மிதுனக்காரர்கள் யாரும் பதறி என் கிளினிக்குக்கு போன் செய்ய வேண்டாம்.) கோப்பிக் கடையில் போன வார 4டி லாட்டரி எண்களைப் பார்த்து அடுத்தது இதுதான் என்று அடித்துச் சொல்லும் அங்கிள் ஒருவர் எல்லாப் பேட்டையிலும் இருப்பார் இல்லையா, அதே கதைதான், போதுமான அளவு கூறு போட்டால் எதிலும் ஏதாவது ஒன்று தென்படும்.

அப்படியானால் உங்களுக்கும் தம்பிக்கும் எதில் வித்தியாசம்? ரத்தக்குழாயில். அவருக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் அடைத்து, உள்ளே ஒரு சின்ன உலோகக் குழாயை வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் அந்த இடத்தில் ஒட்டிக் குவிந்தால் மறுபடி அடைப்பு. ஆஸ்பிரின் தட்டணுவில் இருக்கும் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள அதனால் முடியாது, ஆகவே சாகும் வரை, அதாவது ஒரு வாரம் பத்து நாள், அது முடங்கியேதான் கிடக்கும். அதனால்தான் இவ்வளவு சின்ன அளவு போதும். ஆஸ்பிரின் இந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது என்று 1971-இல் கண்டுபிடித்த ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதே நொதிதான் வயிற்றின் உள்சுவரையும் பாதுகாக்கிறது. அடைப்பைத் தடுக்கும் கையாலேயே ரத்தக்கசிவுக்கும் வழி விடுகிற மருந்து இது.

உங்களுக்கு இருபது வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த டாக்டர் தப்பானவர் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்கள் தங்கள் மேலேயே செய்துகொண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் 325 மில்லிகிராம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் 1988 தொடக்கத்தில் ஆஸ்பிரின் பகுதியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். சுமார் ஐந்து வருடத்தில் மாரடைப்பு வந்தவர்கள் வெறும் மாத்திரையில் 239, ஆஸ்பிரினில் 139. '44 சதவீதம் குறைவு' என்று தலைப்புச் செய்தி போட இது போதாதா? ஆனால் ஒவ்வொரு பக்கமும் பதினோராயிரம் பேர். நூறு பேர் ஐந்து வருடம் சாப்பிட்டு, ஒருவருக்குக்கூட முழுதாகக் கணக்கு வராத பலன். அதைவிட முக்கியம், இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் ஒரு பக்கம் 81, மறுபக்கம் 83. இந்த இரண்டாவது வரி அன்றே அச்சில் இருந்தது, படித்தவர்கள் குறைவு. நானும் என் இளம் வயதில் அந்த 44-ஐத்தான் நோயாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் காலம் மாறியது. ரத்தக்கொதிப்புக்கு நல்ல மருந்துகள் வந்தன, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வந்தது, புகைப்பவர்கள் குறைந்தார்கள். 2018-இல் ஆஸ்ப்ரீ என்ற ஆய்வு, பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய, இதய நோய் இல்லாத 19,114 பேரிடம் உங்களுடைய அதே 100 மில்லிகிராமைச் சோதித்தது. மாரடைப்பு, பக்கவாதத்தில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு நூற்றுக்கு 2.8-இலிருந்து 3.8 ஆகக் கூடியது. அந்த இளம் டாக்டர் மனத்தில் வைத்துப் பேசியது இந்த மாதிரிக் கணக்காகத்தான் இருக்கும். நான் அவர் பக்கம்.

கசிவு என்றால் எப்படியிருக்கும் தெரியுமா? என்னிடம் ஒரு பாட்டி வந்தார். இரண்டு வாரமாகக் களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் போல. மலம் என்ன நிறம் என்று கேட்டேன். "கறுப்பாத்தான் போகுது டாக்டர், கீரை சாப்பிட்டேன்ல" என்றார். கீரையில்லை, தார் போலப் பிசுபிசுவென்று போயிருக்கிறது, வயிற்றுக்குள் ரத்தம். ஆஸ்பிரினோடு முட்டிவலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தார். மேலே பூச்சுப் போட்ட ஆஸ்பிரின்தானே, வயிற்றைத் தொடாது என்று அவர் மகன் வாதாடினார். அந்தப் பூச்சை நம்பாதீர்கள். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகு வயிற்றுச் சுவரை அடையத்தான் செய்யும்.

ஆகவே, நேரில் பார்க்காமல் நான் 'நிறுத்துங்கள்' என்று எழுதினால் சரியாகாது, ஆனால் அந்த டாக்டரிடமே திரும்பப் போய், உங்கள் பழைய இசிஜி, சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்லச் சொல்லுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போங்கள், சீன மருந்துக் கடையில் வாங்கியது, ஊரிலிருந்து வந்த லேகியம் உட்பட. அதுவரை உங்கள் பேட்டையில் டெங்கி பரவி, உங்களுக்கும் காய்ச்சல் வந்தால் (டெங்கியிலும் ரத்தம் கசியலாம்), ஆஸ்பிரின் சாப்பிடுவதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தம்பிக்கு ஒரு சேதி. நீங்கள் நிறுத்தினால் அதைப் பார்த்து அவரும் நிறுத்திவிடப் போகிறார், எனக்கு அந்தப் பயம்தான். பல் பிடுங்கப் போனாலும் சரி, வேறு எதற்குப் போனாலும் சரி, இதய மருத்துவரைக் கேட்காமல் அவர் ஒரு வேளைகூட விடக்கூடாது. நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995, டாக்ஸிக்காகக் கீழே போய் நிற்க வேண்டாம்.