மூட்டு மாற்று: அமெரிக்கக் குழுவும் பாம்பன் கரையும்

அன்புள்ள அண்ணன்,

பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மா சின்ன வயதிலிருந்து கடலில் பாசி எடுக்கப் போனவர். இரண்டு முழங்காலும் வளைந்துவிட்டன, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். அமெரிக்க டாக்டர்கள் குழுவாக ஏழை நாடுகளுக்குப் போய் இலவசமாக மூட்டு மாற்று ஆபரேஷன் செய்வதை ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படி ஒரு குழுவை நம் கரைக்கு அழைக்க முடியாதா? அம்மாவை அதுவரை காத்திருக்கச் சொல்லலாமா?

ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள தம்பி,

காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

நீங்கள் பார்த்தது ‘ஆபரேஷன் வாக்’ போன்ற ஒரு குழுவாக இருக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸில் லாரன்ஸ் டோர் என்ற எலும்பு மருத்துவர் 1990களில் தொடங்கியது அது. டாக்டர்கள், மயக்க மருந்து கொடுப்பவர்கள், நர்ஸ்கள், பிசியோதெரபிஸ்டுகள் என்று பெரிய கூட்டமாகக் கிளம்புவார்கள். நன்கொடையாகக் கிடைத்த செயற்கை மூட்டுகளை இடது வலது, சின்னது பெரியது என்று எல்லா அளவிலும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோவார்கள். கியூபா, பெரு, நேபாளம் என்று பல நாடுகளில் வேலை செய்திருக்கிறார்கள். செயற்கை மூட்டின் விலையே எட்டாத ஊரில் ஒருவரை எழுப்பி நடக்கவைப்பது பெரிய காரியம். அந்த உழைப்பை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் நம் கரையின் நிலைமை வேறு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் உலோக மூட்டுக்கு அப்போது வைத்த உச்சவிலை 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதுவும் நம் கையிலிருந்து போக வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அங்கே முடியாததற்கு மதுரை இருக்கிறது. கத்தி பிடிக்கிற கை நம்மிடம் இருக்கிறது தம்பி. இல்லாதது, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கூட நிற்கிற ஆள்.

சின்னப்பாலம் கரையில் பாசி எடுத்துவிட்டு வரும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, பாறையில் கால் ஊன்றி மூச்சடக்கி மூழ்கி எழுந்தவர்கள். திரும்பும்போது வல்லம் என்கிற சின்னப் படகின் விளிம்பைத் தாண்ட முடியாமல், இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்த ஒரு அக்காவைப் பார்த்தேன். “டாக்டரிடம் போனீங்களா?” என்றேன். “ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு தம்பி, யார் கூட வருவா?” என்றார். எந்த நாட்டுக் குழு வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் நாம்தான் சொல்ல வேண்டும்.

முழங்கால் மாற்று என்றால் முழங்காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தேய்ந்த எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் சீவி, உலோகத்தால் மூடி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைப்பார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதற்குப் பிறகுதான் முக்கியம். மறுநாளே எழுந்து நடக்க வேண்டும். தினமும் வலியோடு வலியாக முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும். முதல் ஆறு வாரம் இதை விட்டுவிட்டால் கால் விறைத்துப்போகும், அப்புறம் மடங்காது. கிருமி தொற்றிவிட்டால் இன்னும் கஷ்டம். உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்ட கிருமியை மாத்திரையால் மட்டும் விரட்டுவது அரிது. திரும்பவும் திறக்க வேண்டிவரும். ஒரு வாரம் வந்து ஆபரேஷன் செய்துவிட்டு விமானம் ஏறிய டாக்டரை மூன்றாவது மாதம் எங்கே தேடுவீர்கள்? ஒழுங்காக நடக்கும் குழுக்கள் இதனால்தான் அதே மருத்துவமனைக்கு வருஷாவருஷம் திரும்பிப் போகின்றன, உள்ளூர் டாக்டர்களைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கின்றன. எந்த இலவச முகாமாக இருந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, காயம் சீழ் பிடித்தால் யார் பார்ப்பார்கள் என்பதே.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு கலெக்டர் அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா, பல்லில் சொத்தை, காலில் புண் உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். அதையெல்லாம் சரி பண்ணாமல் ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. வீட்டுக்குத் திரும்பியபின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். வீட்டுக் கழிப்பறையில் உட்காரும் கோப்பை வைத்துவிடுங்கள், குத்தவைத்து உட்காருவது புது மூட்டுக்கு ஆகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மா கடைத்தெருவுக்கு நடப்பார், கோயிலுக்குப் போவார், ராத்திரி வலியில்லாமல் தூங்குவார். பழையபடி வழுக்குப் பாறையில் பாசி பறிக்கப் போகக் கூடாது. அந்த வருமானத்துக்கு என்ன வழி என்று இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

உங்கள் தெருவில் இதே கஷ்டத்தில் இருப்பவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே வேனில் போங்கள், ஒருவருக்கொருவர் துணை. நாள் குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், வேன் வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.