பச்சையைச் சிவப்பு என்கிறான்

வணக்கம். நமீபியாவின் ஹிம்பா மக்களுக்கு நீலத்துக்குத் தனிச்சொல் இல்லை, அதனால் பச்சைக் கட்டங்களுக்கு நடுவே இருக்கும் நீலக் கட்டம் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை என்று ஒரு வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. உண்மையா? என் மகனுக்கு இரண்டரை வயது. பச்சையைச் சிவப்பு என்கிறான். இதுவும் சொல் பிரச்சினையா, கண் கோளாறா?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் காட்சி 2011இல் வந்த பி.பி.சி. ஆவணப்படத்துக்காக அமைக்கப்பட்டது, ஆய்விதழில் வெளியான சோதனை அல்ல. ஹிம்பா மொழியில் ‘புரு’ என்ற ஒரே சொல் பச்சைக்கும் நீலத்துக்கும் வழங்குகிறது. அதற்காகக் கண் அவிந்துபோவதில்லை.

சொல்லுக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரஷ்ய மொழியில் கருநீலம் ‘சீனி’, வெளிர்நீலம் ‘கலுபோய்’. இரண்டும் தனித்தனி நிறங்கள். 2007இல் வெளியான சோதனையில் மேலே ஒரு நீலக் கட்டம், கீழே இரண்டு. மேலே உள்ளதைப் போன்றது எது என்று சொல்ல வேண்டும். கீழ்க்கட்டங்கள் இரண்டு பெயர்களுக்கும் பிரிந்து விழுந்தபோது ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பதில் சொன்னார்கள். மனதுக்குள் ஓர் எண்வரிசையை உருப்போடச் சொல்லி, சொல்லுக்கு வேறு வேலை கொடுத்ததும் அந்த வேகம் போய்விட்டது. ஆக, சொல் கைகொடுப்பது முடிவெடுக்கும் கணத்தில்தான். பேச்சு வராத 4-6 மாதக் குழந்தைகளே சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதாவைப் பிரித்துப் பார்ப்பதாக 2017இல் வந்த ஆய்வு காட்டியது.

மகனிடம் பெயர் கேட்காதீர்கள், ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். கலர் பேப்பரில் ஒரே அளவில் இரண்டிரண்டு துண்டுகள், பகலில், ஜன்னலோரம். “இதே மாதிரி இன்னொண்ணு எடு” என்றால் போதும். பளிச்சென்ற நிறங்களை மட்டும் வைத்தால் நிறக்குருடு உள்ள பிள்ளையும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துச் சமாளித்துவிடும். பழுப்பும் கரும்பச்சையும், ரோஸும் சாம்பலும் அவசியம். அந்த ஜோடிகளிலேயே திரும்பத் திரும்பத் தவறினால் கண் மருத்துவரிடம் போங்கள். எண் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு, நிறப் புள்ளிகளால் நிறக்குருடைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தில், விரலால் கோட்டைத் தொடரும் பக்கங்கள் உண்டு. உங்கள் அப்பாவுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு இருந்தால் மகனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போது காத்திருக்க வேண்டாம்.

ஜோடி சரியாகச் சேர்த்தால், பெயர்தான் பாக்கி. “சிவப்புப் பந்தை எடு” என்பதைவிட “இந்தப் பந்து சிவப்பு” என்று பொருளை முதலில் சொல்லி நிறத்தைக் கடைசியில் வையுங்கள். ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இந்த வரிசை உதவியிருக்கிறது. நமக்கு அது இயல்பான வாக்கியமும்கூட. தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு தொல்லை: பச்சைத் தண்ணீர், பச்சைப் பால், பச்சரிசி. மூன்றில் ஒன்றுகூடப் பச்சை இல்லை.