‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று எழுதியவர்களுக்கு

இந்த மாதம் பணம் பற்றி வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்கியிருந்தன: ‘எனக்கு இதெல்லாம் தெரியாது, தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.’ 29 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று இதே வரியைச் சொன்ன பெண்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. 16 வருடமாக வேலைக்குப் போகிறேன். சம்பளம் என் கணக்கில்தான் விழுகிறது. ஆனால் கார்டு, பாஸ்வேர்டு எல்லாம் கணவரிடம். நல்ல மனிதர், கேட்டால் தருவார். போன மாதம் அவருக்கு அவசரமாக அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னபோது எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மகன்தான் அப்பாவின் போனை எடுத்துப் பார்த்துச் சொன்னான். எனக்குக் கணக்கு வழக்கு ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சகோதரி, ‘ஒன்றும் தெரியாது’ என்பதை முதலில் எடுத்துவிடுவோம். மாதக் கடைசி வரை வீட்டுச் செலவை இழுத்துப் பிடிப்பது யார்? எந்தச் செலவைத் தள்ளிப் போடலாம், எதைத் தள்ள முடியாது என்று முடிவு செய்வது யார்? அதைச் செய்கிற உங்களுக்குக் கணக்கு தெரியும். கணக்கு இருக்கும் இடத்துக்கு நீங்கள் போனதில்லை, அவ்வளவுதான்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பண அறிவைச் சோதிக்க மூன்று எளிய கேள்விகள் தயாரித்தார்கள். முதல் கேள்வி இது: 100 ரூபாயை வருடம் 2% வட்டிக்குப் போட்டால், 5 வருடம் கழித்து 102-க்கு மேல் இருக்குமா, சரியாக 102 இருக்குமா, குறைவாக இருக்குமா? இரண்டாவது, வட்டி 1%, விலைவாசி ஏற்றம் 2% என்றால் ஒரு வருடம் கழித்து அந்தப் பணத்தில் முன்பைவிட அதிகம் வாங்க முடியுமா, குறைவாகவா? மூன்றாவது, ஒரே கம்பெனியின் பங்கு பாதுகாப்பானதா, பல கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிதி பாதுகாப்பானதா?

பல நாடுகளில் கேட்டுப் பார்த்ததில், ஆண்களைவிடப் பெண்கள் ‘தெரியாது’ என்ற பதிலை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். லுசார்டியும் வேறு சில ஆய்வாளர்களும் நெதர்லாந்தில் இதை இன்னொரு விதமாகச் செய்தார்கள். ஒருமுறை கேட்டுவிட்டு, சில வாரம் கழித்து ‘தெரியாது’ என்ற பதிலையே எடுத்துவிட்டு, அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். முன்பு ‘தெரியாது’ என்றிருந்த பெண்களில் பலர் இப்போது சரியான பதிலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண், பெண் மதிப்பெண் இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் தன்னம்பிக்கைக் குறைவு என்று கணக்கிட்டார்கள். மீதி இடைவெளி அறிவு சார்ந்ததுதான், அதையும் மறைக்க வேண்டாம். அதைப் படித்துக்கொள்ளலாம். (விடைகள்: 102-க்கு மேல், குறைவாக, பல கம்பெனிகளின் நிதி. மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.)

என் கதையையும் சொல்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் பணத்தை எண்ணிக் கொடுத்தவள் நான். என் கணவர் இறந்தபோது அவர் பெயரில் எத்தனை டெபாசிட் இருக்கிறது, எந்த இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது, யாரிடமிருந்து பணம் வர வேண்டும் என்று எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு பாலிசிப் பத்திரம் பழைய காலண்டர்களுக்கு நடுவே கிடந்தது. அதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. அவர் எதையும் ஒளிக்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வாரோ என்று 22 வருடம் நான் கேட்கவில்லை. நான் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. துக்கத்தோடு சேர்த்து அந்த ஏழு மாதத் தேடலையும் சுமந்தேன். அதை வேறு எந்தப் பெண்ணும் சுமக்க வேண்டாம் என்பதால்தான் இந்தப் பகுதியை எழுத ஒத்துக்கொண்டேன்.

அதனால் கணவர் உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்காருங்கள். ‘ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நான் பயந்ததுபோல இனி பயப்படக் கூடாது. எல்லாவற்றையும் ஒருமுறை எனக்குக் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். கணக்குகள், டெபாசிட்டுகள், கடன்கள், இன்சூரன்ஸ் கட்ட வேண்டிய தேதி, ஒவ்வொன்றிலும் நாமினி யார் என்பதை உங்கள் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் மனதில் பதியாது. பாஸ்வேர்டுகளை அந்த நோட்டில் எழுத வேண்டாம். உங்கள் சம்பளக் கணக்கின் கார்டு அன்றே உங்கள் பைக்கு வரட்டும். ரகசிய எண்ணை நீங்களே மாற்றுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். மின்கட்டணமோ இன்சூரன்ஸ் தவணையோ, எதுவானாலும் சரி. மூன்று மாதம் அதை அவர் நினைவூட்டக் கூடாது, திருத்தக் கூடாது. ஒருமுறை தேதி தவறி அபராதம் கட்ட நேர்ந்தாலும் பரவாயில்லை. கணவர் செய்த இதுபோன்ற தவறுகளை வீடு எத்தனையோ முறை தாங்கியிருக்கும், உங்களுடையதையும் தாங்கும்.

இதைப் படிக்கும் இன்னொரு பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. பணம் பற்றிக் கேட்டாலே வீட்டில் மிரட்டலும் அடியும் வரும் என்றால், மேலே சொன்னது உங்களுக்கானது அல்ல. நேருக்கு நேர் கேட்காதீர்கள். உங்கள் அடையாள ஆவணங்கள், சம்பளச் சீட்டுகள், கணக்கு விவரங்களின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். சட்ட உதவி தருபவரிடம் முதலில் பேசுங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் போட ஆசை. ‘பொம்பளைங்களுக்கு இயல்பாவே இது வராது, என்கிட்ட கொடு’ என்கிறான் அண்ணன். உண்மையா அக்கா?

பதில்: உண்மை இல்லை. இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்து நிர்வகிக்கும் உரிமை 1882-இல்தான் சட்டமானது. பிரான்சில் கணவரின் சம்மதம் இல்லாமல் மனைவி வங்கிக் கணக்கு தொடங்க 1965-இல்தான் சட்டம் இடம் கொடுத்தது. கடன் கொடுப்பதில் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1974-இல் சட்டம் வந்தது. நம் பாட்டிகள் காலம் வரை பல நாடுகளில் கதவே பூட்டியிருந்தது. பழக விடாமல் வைத்துவிட்டு, பழக்கமில்லாததை ‘இயல்பு’ என்று சொல்வது நியாயமில்லை.

பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 35,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பங்கு வர்த்தகக் கணக்குகளை அலசி 2001-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆண்கள் பெண்களைவிட 45% அதிகமாக வாங்கி விற்றிருந்தார்கள். அப்படி அடிக்கடி மாற்றியதால் ஆண்களின் வருமானம் வருடத்துக்கு 2.65 சதவீதப் புள்ளி குறைந்தது; பெண்களுக்கு 1.72. அளவுக்கு மீறிய நம்பிக்கையும் பணத்தைக் கரைக்கும் என்று புரிகிறது இல்லையா? அதற்காகப் பெண் தொட்டால் லாபம்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

சந்தைக்குள் போகும் முன், வேலை போனாலும் சில மாதம் தாங்கும் அளவுக்குப் பணம் தனியாக, எடுக்கும் தூரத்தில் இருக்கட்டும். பல கம்பெனிகளில் பரவிய நிதியில் சிறு தொகையாகத் தொடங்குங்கள். அடுத்த சில வருடங்களில் தேவைப்படும் பணத்தை அங்கே போடாதீர்கள். ‘எதற்கு வம்பு’ என்று எல்லாவற்றையும் ரொக்கமாக வைத்திருப்பதும் ஆபத்துதான். 72-ஐ விலைவாசி ஏற்றத்தின் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் விலைகள் இரட்டிப்பாகும் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். 6% என்றால் 12 வருடம். அதற்குள் சும்மா வைத்த பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும்.

அண்ணனிடம் யோசனை கேளுங்கள். பணமும் கணக்கும் உங்கள் பெயரிலேயே, உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: தையல் மெஷின் வாங்க 12,000 கடன் கேட்டேன். ‘வட்டி 12%தான், மாதம் 1,120 வீதம் 12 தவணை’ என்றார்கள். சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: கூட்டிப் பாருங்கள். மொத்தம் 13,440 கட்டுகிறீர்கள். வட்டி 1,440, அதாவது 12,000-க்கு 12%. ஆனால் அந்த 12,000 வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்காது. ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்களிடம் மிச்சமிருக்கும் கடன் சுமார் 1,100தான். வட்டி மட்டும் 12,000-க்கே போட்டிருக்கிறார்கள். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 21.5%. இதை ‘ஃப்ளாட் வட்டி’ என்பார்கள். யாரிடம் கடன் கேட்டாலும், ‘இது ஃப்ளாட்டா, குறையும் நிலுவைக்கா? வேறு கட்டணம் உண்டா? முன்கூட்டியே அடைத்தால் என்ன?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவசரப்படாதீர்கள். கவுண்டரில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், விளக்கம் கேட்பவர் மீது எங்களுக்கு மரியாதைதான் வரும்.

கேள்வி: எனக்கு 62 வயதாகிறது. ஓய்வூதியம் வருகிறது. போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ள ஆசை. தப்பான பட்டனை அழுத்தி எல்லாம் போய்விடுமோ என்று பயம். மகளிடம் கேட்டால் வேகவேகமாகச் செய்து காட்டிவிட்டுப் போய்விடுகிறாள். இந்த வயதில் முடியுமா?

பதில்: முடியும் அம்மா. மகளிடம், ‘போன் என் கையில்தான் இருக்கும், நீ வாயால் மட்டும் சொல்’ என்று கேளுங்கள். அடுத்தவர் விரல் ஓடுவதைப் பார்த்து யாருக்கும் எதுவும் வராது. உங்கள் ஓய்வூதியக் கணக்கைப் போனோடு இணைக்க வேண்டாம். இன்னொரு சிறு கணக்கில், போனாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போட்டு, அதை இணையுங்கள். எந்தப் பட்டனைத் தவறாக அழுத்தினாலும் போவது அவ்வளவுதான் என்று தெரிந்தால் விரல் நடுங்காது.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். ‘உங்களுக்குப் பணம் வருகிறது, எண்ணைச் சொல்லுங்கள், இதை அழுத்துங்கள்’ என்று யார் அவசரப்படுத்தினாலும், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும், போனை வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

முதலில் ஒரே ஒரு ரூபாயை மகளுக்கு அனுப்பிப் பாருங்கள். வந்துவிட்டது என்று அவள் சொன்னதும் இன்னொரு ரூபாய் அனுப்புங்கள். பத்து முறை அனுப்பிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்து மின்கட்டணம் எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம்.