ஆட்டோகிராஸுக்கு எந்த டயர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். அடுத்த ஆட்டோகிராஸுக்கு முன் டயர் மாற்ற வேண்டும். கையில் பணம் குறைவு. எங்கிருந்து ஆரம்பிப்பது? (கோவை)

தரையிலிருந்து. கோன் வைத்துக் குறித்த குறுகிய பாதையில் ஒவ்வொரு வண்டியாக நேரம் பார்த்து ஓட்டும் இந்த ஆட்டோகிராஸ், நம் பக்கம் மண்ணிலும் நடக்கிறது, தாரிலும் நடக்கிறது. மண்ணுக்கு அகலமான டயர் வாங்கினால் புழுதியின் மேல் மிதக்கும். குறுகலான, சைடு வால் (பக்கச் சுவர்) கெட்டியான, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) இடைவெளி விட்டு நிற்கும் டயர்தான் மேல்மண்ணை அறுத்துக்கொண்டு கீழே பிடிக்கும். தாருக்கு இதெல்லாம் தலைகீழ்: மென்மையான ரப்பர், நெருக்கமான பட்டன், கொஞ்சம் அகலம்.

உங்கள் வண்டியில் 185/65 R15 (அகலம் 185 மி.மீ., சைடு வால் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்) இருந்தால் தாருக்கு 195/60 R15 போடலாம். மொத்த விட்டம் ஒரு சதவீதம்தான் குறையும், ஸ்பீடோமீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் அந்த அளவுக்கு ரிம்மின் அகலம் குறைந்தது ஐந்தரை அங்குலம் இருக்க வேண்டும். ரிம்மிலேயே பொறித்திருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் திருப்பத்தில் சைடு வால் மடங்கி, கொடுத்த பணத்துக்குப் பலன் இல்லாமல் போகும்.

எதை வாங்கும் முன்பும் போட்டி நடத்துபவர்களின் சப்ளிமென்டரி ரெகுலேஷன்ஸை (அந்தப் போட்டிக்கான விதிகள்) படித்துவிடுங்கள். உங்கள் போட்டி வகுப்பில் எந்த டயருக்கு அனுமதி என்பதை அதுதான் முடிவு செய்யும்.

ட்ரெட்வேர் எண் குறைவாக இருந்தால் பிடிமானம் அதிகம் என்கிறார்களே, அதை வைத்தே தேர்வு செய்யலாமா? (சென்னை)

ஓரளவுக்கு. அந்த எண் தேய்மானத்தைச் சொல்வது, பிடிமானத்தை அல்ல. 100 என்று வைத்துக்கொண்ட ஒப்பீட்டு டயரோடு சேர்த்து அமெரிக்காவில் டெக்சாஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டிப் பார்க்கும் சோதனை அது. 400 என்றால் அதைவிட நான்கு மடங்கு உழைக்கும் என்று பொருள். எண்ணை அந்தந்த கம்பெனியே அறிவித்துக்கொள்கிறது. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட நம்ப முடியாது. நம் ஊரில் விற்கும் எல்லா டயரிலும் அது அச்சாகி இருப்பதும் இல்லை.

நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது தயாரித்த தேதி. சைடு வாலில் DOT (டாட்) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகும். கடை மூலையில் மூன்று வருடம் கிடந்த விலை உயர்ந்த டயரைவிட, போன மாதம் வந்த நடுத்தர விலை டயர் நன்றாகப் பிடிக்கும். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் நான்கு டயரையும் உருட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ரேஸில் கழற்றிய பழைய ஸ்லிக் (பட்டனே இல்லாத வழவழ ரேஸ் டயர்) மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (ஸ்ரீபெரும்புதூர்)

வேண்டாம். சர்க்யூட் ஸ்லிக் பல சுற்று ஓடிச் சூடேறிய பிறகே வேலை செய்யும். ஆட்டோகிராஸில் உங்கள் ஓட்டம் ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும், டயர் கண் திறக்கும் முன் நீங்கள் கடைசி கோனைத் தாண்டியிருப்பீர்கள். அதோடு பலமுறை சூடாகி ஆறிய ரப்பர் இறுகியிருக்கும். சாலையில் ஓட்டிக்கொண்டு வரவும் முடியாது, தனி ரிம் செட் வேண்டும்.

பயிற்சிக்கு மலிவாக வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. புது வண்டி எடுத்ததும் டயரை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் கழற்றிப் போட்ட கம்பெனி டயர்கள் டயர் கடைகளில் கிடைக்கும். மைலேஜுக்காகச் செய்த கெட்டி ரப்பர்தான், சீக்கிரம் வழுக்கும். ஆனால் வழுக்குவதை மெல்ல, முன்கூட்டியே சொல்லிவிட்டு வழுக்கும். ஓட்டப் பழக அதைவிட நல்ல டயர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) மட்டும் வேண்டவே வேண்டாம். பக்கவாட்டு இழுவையில் ஒட்டு பிரியும் அபாயம் விளையாட்டல்ல.

காற்று எவ்வளவு வைப்பது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (சேலம்)

காசு செலவில்லாமல் நேரம் குறைவது இங்கேதான். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ. கூட வைத்து ஆரம்பியுங்கள். சைடு வாலில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். பிறகு ஒரு சாக்பீஸ் எடுத்து, பட்டன் முடிந்து சைடு வால் தொடங்கும் தோள் பகுதியில் மூன்று இடங்களில் கோடு போடுங்கள். பல டயர்களில் அங்கே சின்ன முக்கோணக் குறி இருக்கும். ஒரு ரன் முடித்து வந்து பாருங்கள். கோடு முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் புரள்கிறது, இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். தோளை எட்டவே இல்லையென்றால் காற்று அதிகம், இறக்குங்கள்.

முன்சக்கர இழுவை வண்டி திரும்ப மறுத்து மூக்கை வெளியே தள்ளினால், பின் டயரில் கொஞ்சம் கூடுதல் காற்று வைத்துப் பாருங்கள். பின்பக்கப் பிடி குறைந்து வண்டி சுழல ஆரம்பிக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏற டயர் சூடாகிக் காற்றழுத்தமும் ஏறும். ஒவ்வொரு ரன்னுக்கும் முன் கேஜை (அழுத்தம் பார்க்கும் கருவி) வையுங்கள். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள், பங்க் கேஜை நம்பாதீர்கள். வீடு திரும்பும் முன் பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

நைட்ரஜன் நிரப்பினால் பலன் உண்டா? (மதுரை)

இந்த விளையாட்டுக்கு இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. (அங்குள்ள கார் போட்டி அமைப்பு) நடத்தும் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். எல்லோரும் "200" என்கிறார்கள். (நியூ ஜெர்சி)

அங்கே ஸ்ட்ரீட் வகுப்புகளில் ட்ரெட்வேர் 200-க்குக் குறைந்த டயருக்கு அனுமதி இல்லை. அதனால் கம்பெனிகள் 200 என்று அச்சிட்டு, அதற்குள் முடிந்தவரை ஒட்டும் ரப்பரைத் தருகின்றன. யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.-71ஆர்.எஸ். இரண்டும் முன்வரிசை, விலையும் அப்படித்தான். ஏ052 சட்டெனச் சூடாகும், இருவர் மாறி மாறி ஓட்டினால் அளவுக்கு மீறிச் சூடாகும். அதனால்தான் ரன்களுக்கு நடுவே தண்ணீர் தெளிக்கிறார்கள். ஹான்கூக் ஆர்.எஸ்.4 சூடாக நேரம் எடுக்கும், ஆனால் நெடுநாள் வரும். முதல் வருடத்துக்கு அதையே வாங்குங்கள், மிச்சப் பணத்தை நுழைவுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த டயர்களை இந்தியாவுக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து, உரிமம் தேவை என்றாக்கியது. தொடக்கக்காரர்கள் அதன் பின்னால் அலைய வேண்டியதில்லை.

இரண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னாலா, பின்னாலா? (திருச்சி)

முன்சக்கர இழுவை என்றால் போட்டி மைதானத்தில் முன்னால். இழுப்பதும் திருப்புவதும் அவைதான். ஆனால் அதே வண்டியில் மழையில் நெடுஞ்சாலை வழியே வீடு திரும்ப வேண்டுமென்றால் புதியவை பின்னால் இருக்க வேண்டும், இல்லையேல் ஈரத்தில் வால் சுழன்றுவிடும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கட்டும். கிளம்பும் முன் மாற்றிப் போட அரை மணி நேரம் ஆகும்.