கணினி அணைய மறுக்கும் அந்த நிமிடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஷட்டவுன் கொடுத்தால் வெறும் வட்டம் சுழல்கிறது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டினால் என்ன?

பதில்: காட்டலாம், அந்த எண் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். இயங்குதளம் ஒவ்வொரு நிரலையும் 'முடித்துக்கொள்' என்று கேட்டுக்கொள்கிறது. எப்போது முடிப்பது என்பது அந்த நிரலின் கையில். ஆனால் மூன்று செய்திகள் இயங்குதளத்துக்கு நிச்சயமாகத் தெரியும்: யாருக்காகக் காத்திருக்கிறது, எவ்வளவு நேரம் ஆயிற்று, எதுவரை பொறுக்கும். லினக்ஸில் சேவைகளை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களை, தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி இம்மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. வழக்கமான வரம்பு 90 விநாடி. அதைத் தாண்டினால் நிரலைக் கட்டாயமாக நிறுத்திவிடும். எந்தச் சதவீதத்தையும்விட இந்த வரி மேலானது. அதைப் பல லினக்ஸ் பதிப்புகள் சின்னம் ஒன்றைப் போட்டு மறைப்பதுதான் எனக்கு ஆற்றாமை. எஸ்கேப் விசையைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வெளியே வரும்.

கேள்வி: விண்டோஸில் இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. விண்டோஸின் நடத்தையை நிர்வகிக்கும் குரூப் பாலிசியில் விரிவான நிலைச் செய்திகளைக் காட்டும் அமைப்பை இயக்குங்கள். அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் 'வெர்போஸ் ஸ்டேட்டஸ்', மதிப்பு 1.

கேள்வி: எல்லாச் சேவைகளும் நின்ற பிறகும் ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னுகிறதே?

பதில்: நினைவகத்தில் தங்கிய தரவு அப்போதுதான் வட்டில் எழுதப்படுகிறது. மெதுவான யூஎஸ்பி வட்டு என்றால் நிமிடக்கணக்கில் இழுக்கும். சதவீதம் காட்டத் தகுந்த கட்டம் இதுதான், ஏனென்றால் எழுத வேண்டிய மீதி எவ்வளவு என்று இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் கணக்கு வைத்திருக்கிறது. லினக்ஸில் நினைவக நிலையைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பின் 'டர்ட்டி' (எழுதக் காத்திருப்பது), 'ரைட்பேக்' (எழுதப்பட்டுக்கொண்டிருப்பது) வரிகள் அந்தக் கணக்கே. இருந்தும் பயனருக்குக் கருந்திரை மட்டுமே மிஞ்சுகிறது. இதை மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: பொறுமை போய்விட்டது. பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கலாமா?

பதில்: விளக்கு மின்னும்வரை வேண்டாம். எழுதி முடியாத கோப்புகள் சிதையக்கூடும்.

கேள்வி: நான் சேவை நிரல் எழுதுகிறேன். என் பங்குக்கு என்ன செய்யலாம்?

பதில்: நிற்கும்போது பேசுங்கள். சிஸ்டம்டிக்கு நிலைச் செய்தி அனுப்பலாம், 'இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும்' என்றும் கேட்கலாம். விண்டோஸ் சேவை என்றால், 'நின்றுகொண்டிருக்கிறேன்' என்ற நிலையோடு முன்னேற்றத்தைக் காட்டும் செக்பாயின்ட் எண்ணையும் தேவைப்படும் நேரத்தையும் அறிவியுங்கள்; வேலை நகர நகர அந்த எண்ணைக் கூட்டுங்கள். கூட்டும் வரியை, குறித்த இடைவெளியில் தானாக ஓடும் டைமரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வேலை உறைந்துபோன பிறகும் எண் ஏறிக்கொண்டிருக்கும்.