டீசலா பெட்ரோலா? மொதல்ல ஓட்டத்தச் சொல்லுங்க

கம்பம், போடி, குமுளின்னு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்வியில முக்காவாசி இந்தத் தடவ டீசல் கார் பத்தித்தான். நீளமா எழுதுனவங்களுதக் கொஞ்சம் வெட்டித்தான் போட்டுருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, ஏலக்காய் யாவாரம் பண்றேன். போடிமெட்டு ஏறி எறங்குறதுதான் பொழப்பு, புத்தடி ஏலத்துக்கும் போகணும். மாசம் 2,500 கிலோமீட்டர் ஓடுது. பையன் பெட்ரோல் எடு, சத்தம் இருக்காதுங்கிறான். (போடி)

பதில்: டீசல் எடுங்க. ஒங்கள மாதிரி ஆளுக்குத்தான் அந்த இன்ஜினே. பழைய ஸ்விஃப்ட்ல ரெண்டு இன்ஜினும் வந்துச்சுல்ல, 1.2 லிட்டர் பெட்ரோலுக்கு 83 குதிரைசக்தி, 1.3 லிட்டர் டீசலுக்கு 75தான், பேப்பர்ல பாத்தா பெட்ரோல்தான் பெருசு. ஆனா இழுவைன்னு வந்தா பெட்ரோல்ல 115 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் நிமிசத்துக்கு 4,000 சுத்து (ஆர்பிஎம்) சுத்துற வரைக்கும் மிதிச்சாத்தான் முழுசா கெடைக்கும், டீசல்ல 2,000லயே 190 வந்துரும். ஊசி வளைவுல வேகம் செத்து, உள்ள அஞ்சு பேரு, டிக்கியில மூட்டைன்னு இருக்கறப்ப பெட்ரோல் வண்டிய மொத கியருக்கு எறக்கி கத்த விட்டுத்தான் ஏத்தணும், டீசல் ரெண்டுலயே சத்தமில்லாம எந்திரிச்சுப் போயிரும். ஸ்பார்க் பிளக்கே கெடையாது அதுல, காத்த அமுக்குற அமுக்குல வர்ற சூட்டுலயே டீசல் தானா பத்திக்கும், அந்த அமுக்கும், காத்த உள்ள திணிக்கிற டர்போவும் சேந்துதான் இந்த இழுவை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புல ஒண்ணாச்சும் பெட்ரோல் பாத்துருக்காரா பையன்?

காசுக்கு வருவோம். பெட்ரோல் 101 ரூபா, லிட்டருக்கு 16 கிலோமீட்டர், டீசல் 93 ரூபா, லிட்டருக்கு 20ன்னு வச்சுக்கங்க. கிலோமீட்டருக்கு 1 ரூபா 65 காசு கிட்ட மிச்சம். வாங்குறப்ப டீசலுக்கு ஒண்ணேகால் லட்சம் கூடக் குடுத்தா அது திரும்பி வர 75 ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும், நீங்க ரெண்டர வருசத்துல ஓட்டிருவீங்க. 2012ல ரெண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபா வித்தியாசம் இருந்தப்ப யார் டீசல் வாங்குனாலும் லாபம்தான், 2014 அக்டோபர்ல டீசல் வெலையையும் அரசாங்கக் கட்டுப்பாட்டுல இருந்து அவுத்து விட்டாங்க, அதோட அந்தக் காலம் முடிஞ்சுபோச்சு.

கேள்வி: ஊருக்குள்ள டீசல் வண்டின்னாத்தான் கெத்து. மாசம் 400 கிலோமீட்டர் ஓட்டுவேன், எடுக்கலாமா? (தேவாரம்)

பதில்: மேல இருக்க கணக்கப் போட்டுப் பாருங்க தம்பி, போட்ட காசு திரும்ப 15 வருசத்துக்கு மேல ஆகும். கெத்து வேணும்னா ஹாரன மாத்துங்க.

கேள்வி: ரிட்டயர்டு டீச்சர் நான். மைலேஜ் அள்ளும்னு சொல்லி டீசல் கார் கட்டி விட்டுட்டாங்க. கோயிலுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர்தான் ஓடும். இப்ப மஞ்ச லைட்டு எரியுது, ஃபில்டர் அடச்சுருச்சு, வாரண்டில வராது, பல ஆயிரம் ஆகும்ங்கிறாங்க. எங்க தப்பு? (உத்தமபாளையம்)

பதில்: ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல டீச்சரம்மா. வித்தவன் மேல. இதப் பத்தி எழுத ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தேன். 2020 ஏப்ரல் 1ல இருந்து பிஎஸ்6ங்கிற பொகக் கட்டுப்பாட்டு விதிப்படி செஞ்ச வண்டிதான் விக்க முடியும், மாருதியெல்லாம் அதோட டீசலே வேணாம்னு விட்டுட்டாங்க. பிஎஸ்6 டீசல் கார்ல பொகக் கொழாய்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கும், கரியப் புடிச்சு வச்சுக்கும், நல்ல சூடு ஏறுறப்ப அந்தக் கரியத் தானே எரிச்சுக்கும், ஆனா அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரம் நிக்காம ஒரே வேகத்துல ஓடணும். நாலு கிலோமீட்டர்ல எங்க சூடு ஏறும், இன்ஜினே அப்பத்தான் முழிச்சுருக்கும். கரி சேந்துக்கிட்டே போகும், எரிக்கணும்னு வண்டி கூடுதலா ஊத்துற டீசல்ல கொஞ்சம் இன்ஜின் ஆயில்ல போய்க் கலக்கும். ஓனர் புக்ல இதெல்லாம் போட்டுருப்பான், ஆனா ஷோரூம்ல கலரு, சன்ரூஃப், டச் ஸ்கிரீன் எல்லாம் காட்டுறவன் "ஒரு நாளைக்கு எம்புட்டு ஓட்டுவீங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டானா? கேக்க மாட்டான், கேட்டா டீசல் விக்காதுல்ல. வாரண்டில வராதுன்னு சொல்ல மட்டும் அந்தப் பக்கத்த மனப்பாடமா வச்சுருக்கான்.

லைட்டு சும்மா எரிஞ்சா தேனி ரோட்டுல ஒரு 20 நிமிசம், 60க்கு மேல, நிக்காம ஓட்டச் சொல்லுங்க, பல தடவ அதுலயே அணஞ்சுரும். மினுக்குனாலோ இழுவை கொறஞ்சாலோ ஓட்டாதீங்க, சர்வீஸ்தான். மைலேஜப் பத்தி ஷோரூம்காரங்க வாட்ஸ்அப்ல ஏதாச்சும் அனுப்பிருந்தா அழிச்சுறாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் புகாரப் பதிவு பண்ணுங்க, மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி 10ல இருந்து 20 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் 400 ரூபாதான், வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். வாய்ப் பேச்ச நிரூபிக்கிறது கஷ்டம்தான், இருந்தாலும் போடுங்க.

கேள்வி: டெல்லி வண்டி, 2016 டீசல், பாதி வெலைக்கு வருது. ஃபிரண்டு கோல்டன் சான்ஸ்ங்கிறான். ரெண்டு நாள்ல சொல்லணுமாம். (சின்னமனூர்)

பதில்: ரெண்டு நாள்ல சொல்லணும்னாலே வேணாம்னு இன்னைக்கே சொல்லிருங்க. அங்க 10 வருசம் தாண்டுன டீசல் வண்டிக்கு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் தட போட்டுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு, அதுல இருந்துதான் வயசாகுற வண்டியெல்லாம் தெக்க உருண்டு வர ஆரம்பிச்சுச்சு, 2025ல கோர்ட்டு அதக் கொஞ்சம் தளத்துச்சு. இங்க அந்தத் தட இல்ல, ஆனா அங்க ஆர்டிஓகிட்ட ஆட்சேபணை இல்லன்னு என்ஓசி வாங்கணும், இங்க மறுபடி பதிவு பண்ணணும், ரோடு டாக்ஸ் கட்டணும், அதையெல்லாம் கூட்டிட்டு அப்புறம் பாதி வெலைன்னு சொல்லுங்க.

நானும் ஒரு பழைய டீசல் வாங்குனேன், "டாக்டர் ஓட்டுன வண்டி"ன்னு ஒரு புரோக்கர் சொன்னாரு. நான் போறதுக்கு முந்தியே இன்ஜினச் சூடு பண்ணி வச்சுருந்தாரு, சூடா இருந்தா கோளாறு தெரியாது, அது எனக்குப் பொறவுதான் புரிஞ்சது. டீசலப் பீச்சுற இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச்னு வரிசையா குடுத்து முடிச்சேன். அதனால காலைல விடியாம போங்க, சொல்லாமப் போங்க, இன்ஜின் பானட்டத் தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கப்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீலப் பொக நிக்காம வந்தா ஆயில் எரியுது. கருப்பு அள்ளுச்சுன்னா இன்ஜெக்டரோ டர்போவோ. மெக்கானிக்குக்கு 1,000 ரூபா குடுக்க யோசிக்காதீங்க.

கேள்வி: பங்க்ல மாத்தி டீசல் கார்ல பெட்ரோலப் போட்டுட்டாங்க. அஞ்சு லிட்டர்தான், மேல டீசல் ஊத்தி ஓட்டிறலாமா? (கூடலூர்)

பதில்: சாவியக்கூடத் திருப்பாதீங்க. பம்புக்கு மசகே அந்த டீசல்தான், பெட்ரோல் கழுவி விட்டுரும். தள்ளிக்கிட்டுப் போயி டேங்க்கக் காலி பண்ணுங்க, பில்ல வாங்கி வச்சுக்கங்க, செலவ பங்க்காரங்ககிட்டயே கேளுங்க.

கேள்வி: குமுளில இருக்கேன். டீசல் எந்தப் பக்கம் போடுறது? (குமுளி)

பதில்: கீழ எறங்குறப்ப தமிழ்நாட்டுல. கேரளாவுல வரியும் கூட, 2023 ஏப்ரல்ல இருந்து லிட்டருக்கு 2 ரூபா செஸ்ங்கிற கூடுதல் வரி வேற. அதுக்குன்னே மலை எறங்கி வராதீங்க.

கேள்வி: கம்பம்மெட்டுல எறங்குறப்ப நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமாகும்னு டிரைவர் சொல்றாரு. (நெடுங்கண்டம்)

பதில்: அந்த டிரைவர மாத்துங்க. இப்ப இருக்க வண்டியில கியர்ல எறங்கி ஆக்சிலேட்டர விட்டா இன்ஜினுக்கு டீசலே போகாது, நியூட்ரல்ல தான் குடிக்கும். ஏறுன கியர்லயே எறங்கணும். பிரேக் கருகுற வாசம் வந்தா ஓரங்கட்டி ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க.